கார்புரேட்டரைக் கழற்றி எறிவதற்கு முன்

(கோலாலம்பூரின் செராஸில் பழைய கார் ஆர்வலர்களும் பட்டறைத் தொழிலாளர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் பட்டறைக்கு வந்ததும் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "அண்ணே, இந்த எஸ்யூ ரெண்டையும் தூக்கிட்டு ஒரு வெபர் போட்டுடலாமா?" எஸ்யூ, வெபர் இரண்டும் கார்புரேட்டர் வகைகள். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது. சிக்னலில் நின்றால் ஐடலிங் ஏறுகிறது, இறங்குகிறது. பெட்ரோல் வாடை உள்ளே வருகிறது. யாரோ ஒரு நண்பர், "பழைய கார்புரேட்டர் அப்படித்தான், மாத்திடு" என்று சொல்லியிருப்பார். கையில் காசும் தயாராக இருக்கும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாற்ற வேண்டாம். அந்த வண்டிக்கு அதன் தொழிற்சாலை கொடுத்த கார்புரேட்டரைப் பிரித்து, தேய்ந்ததை மட்டும் மாற்றி, ஒழுங்காகப் பூட்டுங்கள். இந்த நகரத்துச் சாலைகளுக்கும் இந்த வெயிலுக்கும் அதைவிட நல்ல வழி பெரும்பாலான வண்டிகளுக்குக் கிடையாது. விதிவிலக்கு உண்டு. அதையும் சொல்கிறேன்.

கார்புரேட்டருக்குள் நடப்பது எளிமையான காரியம். காற்று ஒரு குறுகலான கழுத்தைக் கடக்கும்போது அதன் வேகம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்த அந்த இடத்தில் ஒரு ஜெட் இருக்கிறது. பக்கத்துக் கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல் அதன் வழியே மேலேறிக் காற்றில் தூவப்படுகிறது. காற்று வேகமாக ஓடினால் பெட்ரோல் நுண்ணிய பொடித் துளிகளாகச் சிதறி நன்றாக எரியும். மெதுவாக ஓடினால் கனத்த துளிகளாக விழுந்து மேனிஃபோல்டின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அப்போதுதான் வண்டி திக்கும், கருப்புப் புகை தள்ளும், பிளக் கரியேறும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். எம்ஜிபி காரின் எஞ்சின் 1798 சிசி. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஏறத்தாழ 1.8 லிட்டர் காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 5,500 சுற்றில், கணக்குப்படி 4,900 லிட்டருக்கு மேல். 1,500 சுற்றில் அது 1,350 லிட்டர். திராட்டில் பாதி மூடியிருந்தால் அதைவிடவும் குறைவு. இப்போது உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: புதன்கிழமை மாலை, தாமான் கன்னாட்டில் பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தை கூடியிருக்கும் நேரத்தில், அந்த வட்டாரத்தில் வண்டி எத்தனை சுற்றில் ஓடுகிறது? ஜாலான் செராஸில் ஒரு சிக்னலுக்கும் அடுத்த சிக்னலுக்கும் இடையில் 3,000 தாண்டுகிறதா? தாண்டாது. அங்கே நமக்குத் தேவை குறைந்த காற்றிலும் கழுத்தில் வேகம் குறையாத கார்புரேட்டர்.

இந்த இடத்தில்தான் எஸ்யூவின் அருமை தெரிகிறது. இங்கிலாந்தில் ஸ்கின்னர் என்ற செருப்புக் கடைக் குடும்பத்தில் பிறந்த ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் 1905-ஐ ஒட்டி இதை உருவாக்கினார். கழுத்தின் அகலத்தை நிலையாக வைக்காமல், எஞ்சின் கேட்கும் அளவுக்கு அதுவே திறந்து மூடும்படி செய்தார். முதலில் வந்தவற்றில் அந்த வேலையைச் செய்தது தோலால் ஆன ஒரு துருத்தி. தோல் அவர்கள் வீட்டுச் சரக்கு அல்லவா! பிறகு துருத்தி போய் உலோகப் பிஸ்டன் வந்தது. 1910-இல் கம்பெனி தொடங்கியது. 1926-இல் மோரிஸ் கார்களின் அதிபர் வில்லியம் மோரிஸ் அதை வாங்கினார். அதனால்தான் மோரிஸ், எம்ஜி, மினி என்று அந்தக் குடும்பத்து வண்டிகளில் எல்லாம் எஸ்யூவைப் பார்க்கிறோம். ஜாகுவார் இ-டைப்பின் ஆறு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு அங்குல எஸ்யூ மூன்று வரிசையாக நிற்கும்.

எஸ்யூவின் மேல் இருக்கும் கும்பத்துக்குள் அந்தப் பிஸ்டன் இருக்கிறது. எஞ்சின் இழுக்கும் இழுப்புக்கு ஏற்ப அது மேலே எழும், கீழே இறங்கும். அதனடியில் ஒரு கூம்பு ஊசி. பிஸ்டன் எழுந்தால் ஊசியும் ஜெட்டுக்குள்ளிருந்து எழும், பெட்ரோலுக்கு வழி விரியும். காற்று வழியும் பெட்ரோல் வழியும் ஒன்றாக விரிந்து ஒன்றாகச் சுருங்குவதால் ஜெட்டின் மேல் ஓடும் காற்றின் வேகம் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கிறது. பசார் மாலாம் நெரிசலிலும் காராக் நெடுஞ்சாலையிலும் அதே கார்புரேட்டர் தன்னைத் தானே அளவு மாற்றிக்கொள்கிறது. நூறு ஆண்டுக்கு முந்தைய யோசனை இது. இன்றும் எனக்கு வியப்புத் தீரவில்லை.

வெபர் வேறு குலம். எடோவார்டோ வெபர் 1923-இல் இத்தாலியின் பொலோன்யா நகரில் தொடங்கிய தொழில் அது. பின்னாளில் ஃபியட் கைக்குப் போனது. அதன் டிசிஓஈ வகையில் இரண்டு குழாய்கள் படுக்கையாக நிற்கும். கழுத்தின் அளவு மாறாது. நாம் தேர்ந்தெடுத்து உள்ளே செருகும் சோக் குழாயின் அளவுதான். ஐடில் ஜெட், மெயின் ஜெட், ஏர் கரெக்டர், எமல்ஷன் டியூப், ஆக்சிலரேட்டர் பம்பு ஜெட் என்று ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சின்னப் பித்தளைத் துண்டு. எல்லாம் பொருந்திவிட்டால் அதற்கு ஈடு கிடையாது. பொருந்தும் வரை கையில் ஜெட் பெட்டியும் மனத்தில் பொறுமையும் வேண்டும்.

வெபருக்குச் சொந்தமான எஞ்சின்கள் உண்டு. 1962-இல் வந்த லோட்டஸ் எலானை எடுத்துக்கொள்ளுங்கள். 1558 சிசி இரட்டை கேம் எஞ்சின். பெரும்பாலானவற்றில் இரண்டு 40 டிசிஓஈ. நான்கு குழாய், நான்கு சிலிண்டர், ஆளுக்கு ஒன்று. அந்தக் காலத்து ஆல்ஃபா ரோமியோ ஜூலியாக்கள் பலவும் அப்படித்தான். டொயோட்டா செலிகா ஜிடியின் 2டி-ஜி எஞ்சினில் வரும் மிக்குனி சோலெக்ஸும் இதே அமைப்பு. இந்த வண்டிகளைப் பிறந்தபடியே வைத்திருங்கள். நம் புரோட்டோன் 1996-இல் லோட்டஸை வாங்கியது. எலான் போன்ற வண்டியைப் புதுப்பிக்கும் மலேசியருக்கு அந்த உறவு நினைவில் இருக்கட்டும்.

எம்ஜிபியின் எஞ்சின் அப்படிப்பட்டதல்ல. அதன் தலையில் நான்கு சிலிண்டருக்கு இரண்டே இன்லெட் துளைகள்தான். முதல் இரண்டு சிலிண்டரும் ஒரே துளையைப் பகிர்ந்துகொள்ளும், கடைசி இரண்டும் அப்படியே. அதில் ஒரு 45 டிசிஓஈயைப் பூட்டினால் ஒவ்வொரு குழாயும் இரண்டு சிலிண்டருக்குத் தீனி போட வேண்டும். உச்ச வேகத்தில் கொஞ்சம் லாபம் இருக்கலாம். கீழே, நாம் தினமும் ஓட்டும் சுற்றில், இழப்புதான். பெட்ரோல் செலவும் ஏறும். கேம்ஷாஃப்டை மாற்றி, தலையைச் செதுக்கி, பந்தயத்துக்கு என்றே கட்டிய எஞ்சினுக்கு நான் வெபரை மறுக்கமாட்டேன். தொழிற்சாலை கொடுத்தபடி இருக்கும் எஞ்சினுக்கு மறுக்கிறேன்.

வெபர் மோகம் நமக்கு எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். ஷா ஆலாமில் 1968-இல் பத்து தீகா பந்தயத் திடல் திறந்தது. அங்கே போய் நின்று பார்த்த தலைமுறையின் காதில் வெபர் காற்றை உறிஞ்சும் ஓசை இன்னும் இருக்கிறது. இன்று அந்த இடத்தில் வீடுகள் வந்துவிட்டன. ஓசை மட்டும் போகவில்லை. ஆனால் பந்தய வண்டி திடலில் குறைந்த சுற்றுக்கு இறங்குவதே அரிது, சிக்னலுக்காக நிற்பதும் இல்லை. அங்கே பொருந்தியது செராஸில் பொருந்தாது.

கார்புரேட்டர் மட்டும் குதிரைசக்தி தராது என்பதற்கு நம் தமிழ்நாட்டோடு தொடர்புள்ள ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன். சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் ஹெரால்ட் காரைத் தயாரித்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அது இங்கிலாந்து டிரையம்ஃப் ஹெரால்டின் வாரிசு. அதே டிரையம்ஃப், ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கி 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தது. இரண்டிலும் 1147 சிசி எஞ்சின். ஒற்றை சோலெக்ஸ் போட்ட ஹெரால்ட் 1200 தொடக்கத்தில் கொடுத்தது 39 குதிரைசக்தி. இரட்டை எஸ்யூ போட்ட ஸ்பிட்ஃபயர் 63. இதைப் பார்த்துவிட்டு, "ரெண்டு எஸ்யூ போட்டால் 24 குதிரை கூடும்" என்று ஒருவர் நினைக்கலாம். கூடாது. ஸ்பிட்ஃபயருக்குக் கேம்ஷாஃப்ட் வேறு, கம்ப்ரெஷன் அதிகம், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு வேறு. எல்லாம் சேர்ந்து கேட்ட காற்றை அந்த இரண்டு எஸ்யூவும் கொடுத்தன, அவ்வளவுதான். கேட்காத எஞ்சினுக்குக் கொடுத்தால் அது குடிக்காது.

எதிர்த்திசையிலும் பாடம் இருக்கிறது. டட்சன் 240இசட் வந்தபோது அதன் ஆறு சிலிண்டர் எஞ்சினில் ஹித்தாச்சி செய்த எஸ்யூ வகைக் கார்புரேட்டர் இரண்டு இருந்தன. அருமையாக ஓடின. அமெரிக்காவின் புகை விதிகளுக்காக 1973-இல் அங்கே தட்டைத் தலை வகை ஒன்றைப் போட்டார்கள். வெயிலில் கொதித்து, நின்ற இடத்தில் அணைந்து, வாங்கியவர்களைப் படுத்தியது. பலரும் பழைய வட்டத் தலைக் கார்புரேட்டரைத் தேடிப் பிடித்துத் திரும்பப் பூட்டினார்கள். அவர்கள் நாடிப் போனது பெரியதை அல்ல, முன்பு இருந்ததை.

வெயில் என்று சொன்னேன். கோலாலம்பூரில் கார்புரேட்டரின் முதல் பகை அதுதான். பெட்ரோலின் இலேசான பகுதிகள் 35, 40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். எம்ஜிபியில் இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. கார்புரேட்டர் இரண்டும் சுடும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் தலைக்கு மேல் உட்கார்ந்திருக்கின்றன. ஓடும்போது காற்று குளிர்விக்கும். மதிய வெயிலில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனால் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்துப் பொங்கி எஞ்சினுக்குள் வழியும். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் கிளம்பாது. உடனே கார்புரேட்டரைத் திட்டுகிறோம்.

தொழிற்சாலை இதற்கு ஏற்பாடு செய்துதான் அனுப்பியது. கார்புரேட்டருக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் நடுவே ஒரு வெப்பத் தகடு, மேனிஃபோல்டோடு சேரும் இடத்தில் சூடு கடத்தாத கனமான தடுப்புக் கட்டைகள். எத்தனையோ வண்டிகளில் யாரோ ஒரு கை இவற்றைக் கழற்றிவிட்டு மறுபடி பூட்டாமல் விட்டிருக்கும். முதலில் அவை இருக்கின்றனவா என்று பாருங்கள். கட்டையின் இரு பக்கமும் கேஸ்கெட் வேண்டும். பெட்ரோல் குழாய் எக்ஸாஸ்ட்டை ஒட்டிப் போகக் கூடாது. எம்ஜிபியின் மின்சாரப் பம்பு பின்னால் இருப்பது நமக்கு வசதி. அது பெட்ரோலைத் தள்ளுகிறது, உறிஞ்சுவதில்லை. குழாயில் ஆவி கட்டும் தொல்லை குறைவு. அந்தப் பம்புக்குப் பதில் வேகமான நவீனப் பம்பு வைக்கிறவர்கள் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். எஸ்யூவின் மிதவை ஊசி சதுர அங்குலத்துக்கு மூன்று பவுண்டு சுமாருக்கு மேல் தாங்காது. தள்ளினால் கிண்ணம் நிறைந்து வழியும்.

இனிப் புதுப்பிக்கும் வேலை. நான் நிதானமாகப் பேச விரும்புவது இதைப் பற்றித்தான்.

கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன் வால்வ் இடைவெளி, பாயிண்ட், கண்டென்சர், டைமிங், மேனிஃபோல்டு கேஸ்கெட் எல்லாம் சரியா என்று பார்த்துவிடுங்கள். கார்புரேட்டர் கோளாறு என்று வரும் வண்டிகளில் பல இந்தப் படியிலேயே குணமாகிப் போய்விடும். பெட்ரோல் வாடை அடித்தால் குழாய்களையும் பாருங்கள்; பழைய ரப்பர் இன்றைய பெட்ரோலைத் தாங்குவதில்லை. கையால் அமுக்கினால் வெடிப்பு தெரியும்.

பிறகு ஸ்பிண்டில். திராட்டில் தகட்டைத் தாங்கும் குறுக்குத் தண்டு அது. எம்ஜிபியில் வரும் எச்எஸ்4 வகை எஸ்யூவில் அது 5/16 அங்குலம். அலுமினிய உடலுக்குள் வருடக்கணக்காக உரசி, தண்டும் தேயும், துளையும் நீள்வட்டமாகத் தேயும். அந்த இடுக்கு வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே நுழையும். ஐடலிங் ஏறி இறங்குவதற்கு இதுதான் முதல் காரணம். தண்டின் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் கையில் தெரிந்தால் போதும், வேலை இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது முனையில் கார்புரேட்டர் கிளீனரைத் தெளித்துச் சுற்று மாறுகிறதா என்று பார்க்கிற வழக்கம் உண்டு. எம்ஜிபியில் அதைச் செய்யாதீர்கள். கீழேயே சுட்டுக்கொண்டிருக்கும் எக்ஸாஸ்ட் இருக்கிறது, தீப்பிடிக்கும்.

ஆட்டம் இருந்தால் புதுத் தண்டு மட்டும் போட்டால் பல நேரம் போதாது. துளையும் வட்டம் இழந்திருக்கும். உடலைக் கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோய், இரு பக்கத் துளையையும் பெரிதாக்கி, வெண்கலப் புஷ் அடித்து, இரண்டையும் ஒரே நேர்கோட்டில் ரீமர் விட வேண்டும். ஒரு பக்கத்தை ஒரு நாளும் மறு பக்கத்தை மறு நாளும் துளைத்தால் தண்டு திருகிக்கொள்ளும். சான் சோவ் லின் பக்கம் இந்த வேலையைச் சுத்தமாகச் செய்யும் கைகள் இன்னும் இருக்கின்றன. தேடிப் போங்கள், புதுக் கார்புரேட்டரின் விலையோடு ஒப்பிட்டால் செலவு சொற்பம்.

தகட்டைத் தண்டில் பூட்டும் இரண்டு சின்னத் திருகாணிகளின் முனை பிளந்திருக்கும். இறுக்கிய பிறகு அந்தப் பிளவை விரித்துவிட வேண்டும். விரிக்காமல் விட்டால் திருகாணி கழன்று விழும். விழுந்தால் நேரே சிலிண்டருக்குள்தான் போகும். பிரிக்கும்போது இந்த விரிவை அரத்தால் தேய்த்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும், வலுவில் முறுக்கினால் தண்டின் மரையைப் பிய்த்துவிடும். திருகாணியைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்; புதிது மலிவு.

கும்பத்தையும் பிஸ்டனையும் கழற்றுமுன் இரண்டு கார்புரேட்டருக்கும் அடையாளம் போடுங்கள். ஒன்றின் பிஸ்டனை மற்றதன் கும்பத்துக்குள் போடக் கூடாது. அவை இணையாகச் செய்யப்பட்டவை. இடைவெளி முடியளவுகூட இருக்காது. உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்க நினைக்காதீர்கள். தேய்த்தால் இடைவெளி விரியும், பிஸ்டன் எழவேண்டிய உயரத்துக்கு எழாது. பெட்ரோலில் நனைத்த துணி போதும். துடைத்த பிறகு பிஸ்டனின் இரண்டு துளைகளை அடைத்து, அதைக் கும்பத்துக்குள் முழுக்கச் செருகி, தலைகீழாகப் பிடித்து, கும்பம் நழுவி இறங்கும் நேரத்தைப் பாருங்கள். ஒன்றரை அங்குல எஸ்யூவுக்கு ஐந்து முதல் ஏழு வினாடி. தொப்பென்று விழுந்தால் தேய்மானம். நின்றுவிட்டால் அழுக்கு அல்லது கோணல். கைக்கடிகாரம் ஒன்றே இதற்குத் தேவையான கருவி.

அடுத்தது ஜெட்டும் ஊசியும். எம்ஜிபியின் ஜெட் துளை 0.090 அங்குலம். ஊசி ஒரு பக்கமாக உரசி உரசி அந்தத் துளை நீள்வட்டமாகிவிட்டால், எத்தனை திருப்பினாலும் ஐடலிங்கில் கலவை ரிச்சாகவே, அதாவது பெட்ரோல் மிகுந்தே, இருக்கும். புது ஜெட் போட்டபின், நிலையான ஊசி உள்ள பழைய எச்எஸ்4-இல் அதை மையப்படுத்த வேண்டும். ஜெட்டை மேலே கொண்டுவந்து, பிஸ்டனைத் தூக்கி விட்டுவிடுங்கள். அது இறங்கி உட்காரும்போது மெல்லிய "டிக்" சத்தம் கேட்கும். ஜெட்டை முழுக்கக் கீழே இறக்கிவிட்டு மறுபடி செய்யுங்கள். இரண்டு "டிக்"கும் ஒரே மாதிரி இருந்தால் ஊசி நடுவில் இருக்கிறது. மேலே இருக்கும்போது சத்தம் மங்கினால் ஊசி ஜெட்டைத் தொடுகிறது. கீழே உள்ள பூட்டு நட்டைத் தளர்த்தி மறுபடி. இந்தச் சத்தத்தைக் காதால் பிடிக்கப் பழகிய ஃபோர்மேன்கள் இந்த அவையில் இருக்கிறார்கள். எந்த மீட்டரும் அதைச் சொல்லிக் கொடுக்காது.

ஊசியின் காம்பில் சின்ன எழுத்தோ எண்ணோ பொறித்திருக்கும். பூதக் கண்ணாடி வைத்துப் படியுங்கள். இரட்டை எச்எஸ்4 வந்த எம்ஜிபிக்கு முதலில் எம்பி என்ற ஊசி, பிறகு 5 என்ற ஊசி. ரிச்சாக வேண்டுமானால் 6, லீனாக, அதாவது பெட்ரோல் குறைவாக, வேண்டுமானால் 21. பிஸ்டன் மேல் உள்ள ஸ்பிரிங்கிலும் நிறம் பூசியிருப்பார்கள், எம்ஜிபிக்குச் சிவப்பு. இரண்டு கார்புரேட்டரிலும் வேறு வேறு ஊசி, வேறு வேறு ஸ்பிரிங் கொண்ட வண்டிகள் பட்டறைக்கு வருவது வழக்கம். அப்படி ஒரு வண்டி ஒழுங்காக ஓட வாய்ப்பே கிடையாது. அதற்குக் கார்புரேட்டரின் வடிவமைப்பு என்ன செய்யும்?

கிண்ணத்தை மறக்காதீர்கள். அதன் மூடியில் ஒரு காற்றுக் குழாய் இருக்கும். நெடுநாள் நிறுத்திவைத்த வண்டியில் அதற்குள் குளவி மண் கூடு கட்டியிருக்கும். நம் ஊர்க் குளவிக்குத் திறந்த குழாய் எதுவாக இருந்தாலும் வீடுதான். அடைத்துக்கொண்டால் கிண்ணத்தில் அழுத்தம் ஏறி பெட்ரோல் தள்ளிக்கொண்டு வரும். கம்பி விட்டு, காற்று ஊதிச் சுத்தம் செய்யுங்கள். அடியில் துருவும் நீர்த்துளியும் சேர்ந்திருந்தால் டேங்கையும் கழுவ வேண்டும். கார்புரேட்டரை மட்டும் கழுவினால் ஒரு வாரத்தில் திரும்பி வரும். மிதவை ஊசியில் ரப்பர் முனை உள்ள வகையைப் போடுங்கள். வெறும் உலோக முனை தூசியில் சீக்கிரம் கசியும். மூடியைத் தலைகீழாகப் பிடித்து, மிதவைக்கும் மூடி விளிம்புக்கும் இடையே 1/8 முதல் 3/16 அங்குலக் கம்பி நுழைகிறதா என்று பாருங்கள்.

பூட்டிய பிறகு டியூனிங். ஜெட்டைக் கழுத்தின் தரையாகிய பாலத்தின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஜெட்டின் அடியிலுள்ள சரிப்படுத்தும் நட்டை இரண்டு முழுச் சுற்று கீழே இறக்குவது தொடக்க நிலை. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின்னர் இரண்டு கார்புரேட்டரையும் இணைக்கும் கிளாம்பைத் தளர்த்தி, ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து இரண்டு வாயிலும் காற்றின் ஓசை ஒரே அளவா என்று கேளுங்கள். ஓசை சமமான பின்பே கலவைக்குப் போக வேண்டும். கார்புரேட்டரின் அடியில் ஒரு சின்னத் தூக்கு ஊசி இருக்கிறது. அதை மெல்ல அழுத்தி பிஸ்டனை 1/32 அங்குலம் மட்டும் தூக்குங்கள். சுற்று ஏறி ஏறிய இடத்தில் நின்றால் ரிச். உடனே விழுந்தால் லீன். சற்றே எழுந்து பழைய நிலைக்கு வந்தால் சரி. ஒரு முறைக்கு நட்டின் ஒரு பட்டை மட்டும் திருப்புங்கள்; ஆறு பட்டை ஒரு சுற்று. ஒவ்வொரு திருப்பலுக்கும் எஞ்சினுக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

இப்போது எக்ஸாஸ்ட்டில் வைக்கும் ஆக்சிஜன் சென்சார் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்துவதில் எனக்கு முழுச் சம்மதம். சமநிலை ஓட்டத்தில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14, 15 பங்கு காற்று. முழுத் திராட்டிலில் 12.5 முதல் 13. ஊசி தேர்ந்தெடுக்க இதைவிட நேர்மையான சாட்சி இல்லை. செராஸிலிருந்து உலு லங்காட் போய், கெந்திங் பெராஸ் மலைச்சாலையில் ஏறி ஜெலெபு வரை ஓட்டிப் பாருங்கள். மேட்டில் மூச்சடைக்கிறதா, இறக்கத்தில் எக்ஸாஸ்ட் வெடிக்கிறதா என்று அந்தச் சாலை சொல்லிவிடும். கெந்திங் ஹைலண்ட்ஸ் உச்சியோ கிட்டத்தட்ட 1,800 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது. கொஞ்சம் ரிச்சாகத்தான் ஓடும். அதற்காக மேலே போய் நட்டைத் திருப்பாதீர்கள். கீழே வந்ததும் லீனாகிவிடும். லீனாக ஓடி வெந்துபோன வால்வுக்கு மாற்று வாங்குவது பெரிய செலவு.

உதிரிபாகம் பற்றி ஒரு சொல். எஸ்யூ பாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. ஊசி, ஜெட், தண்டு, கேஸ்கெட் எல்லாம் கிடைக்கும். வெபர் பெயரில் வரும் நகல்கள் சந்தையில் நிறைய. தண்டு ஆடுகிறதா, ஜெட் எண் சொன்னபடி இருக்கிறதா என்று சோதிக்காமல் வாங்கினால் தொல்லையைத்தான் விலைக்கு வாங்குகிறோம். எஸ்யூ வாங்குபவர்கள் கிண்ண மூடியில் தொங்கும் தகட்டு எண்ணைப் பாருங்கள். எந்த வண்டிக்குச் செய்தது என்பதை அந்த எண் சொல்லும். தகட்டைக் கழற்றித் தொலைத்துவிடாதீர்கள்.

தொழிலைப் பற்றியும் பேச வேண்டும். 1985 ஜூலையில் வந்த முதல் புரோட்டோன் சாகாவில் கார்புரேட்டர்தான். 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சிலிலும் அதுதான். நம் பட்டறைகளில் ஒரு தலைமுறையின் கை அவற்றில் பழகியது. தமிழ்நாட்டிலும் அப்படியே: சென்னையில் கார்புரேட்டர்ஸ் லிமிடெட் என்ற கம்பெனி சோலெக்ஸ் செய்தது, அதன் வழியாக 1985-இல் ஜப்பானின் மிக்குனியோடு சேர்ந்து யூகால் வந்து, மாருதி 800-க்குக் கார்புரேட்டர் கொடுத்தது. ஊருக்குப் போகும்போது நாம் ஏறிய அம்பாசடரின் 1489 சிசி எஞ்சின் எம்ஜிபி எஞ்சினின் உடன்பிறப்பு. இரண்டும் பிஎம்சியின் பி சீரிஸ். எஸ்யூ பூட்டிய அம்பாசடர்களும் உண்டு. அங்கே அந்த வேலை தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் எம்ஜிபியைக் கொடுத்தால் அவருக்குப் பாதி பரிச்சயமானதாகவே இருக்கும்.

இன்ஜெக்‌ஷன் வந்த பிறகு பட்டறைக்கு வரும் இளைஞர்களுக்கு இதைக் கற்க வாய்ப்பில்லை. ஸ்கேனரைச் செருகினால் பிழை எண் வரும் வண்டிகளில்தான் அவர்கள் வளர்கிறார்கள். அவர்கள் மீது எனக்கு வருத்தம் இல்லை. கற்றுக்கொடுக்க வேண்டியவர்கள் நாம். பழைய வண்டிகள் குறையவில்லை, கூடுகின்றன; அவற்றைத் தொடத் தெரிந்த கைகள்தான் குறைகின்றன. எம்ஜியோ ஆல்ஃபாவோ வைத்திருப்பவர் நல்ல கூலி கொடுக்கத் தயங்குவதில்லை. தெரிந்த ஆள் கிடைக்காமல்தான் தயங்குகிறார், கடைசியில் வெபர் வாங்குகிறார்.

ஆகவே இங்கே இருக்கும் மூத்த ஃபோர்மேன்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் அலமாரியில் எண்ணெய்க் கறை படிந்த ஒரு நோட்டு இருக்கும். எந்த வண்டிக்கு எந்த ஊசி, எந்த ஸ்பிரிங், எந்த ஜெட் என்று கைப்பட எழுதியிருப்பீர்கள். அதைத் தமிழில் தெளிவாகப் பிரதி எடுத்து ஒரு இளைஞனிடம் கொடுங்கள். உடைந்த எஸ்யூ உடல் இருந்தால் பழைய இரும்புக் கடைக்கு எடை போடாதீர்கள். புஷ் அடித்துப் பழக அவனுக்குத் தேவைப்படும். வண்டி வைத்திருக்கும் அன்பர்களே, அடுத்த முறை ஐடலிங் ஆடினால் வெபரின் விலையைக் கேட்பதற்கு முன் ஸ்பிண்டிலை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தம்பிகளே, அந்த "டிக்" சத்தத்தைக் கேட்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வாருங்கள். இரண்டு எச்எஸ்4 கொண்டுவந்திருக்கிறேன், பிரித்துப் பூட்டுவோம்.